இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கும் பதிமூன்று வயது மகளுக்கும் புதிய ஆய்வுகள் என்ன தந்திருக்கின்றன?

நீங்கள் கேட்டது இதுதான்: தங்கைக்கு 32 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை ஒன்றரைக் கிலோ. இன்குபேட்டரில் இருக்கிறது, தங்கை வேறு வார்டில் இருக்கிறார். வீட்டில் உங்களுக்குப் பதிமூன்று வயதில் ஒரு மகள். குழந்தைகளின் உடல்நலம் பற்றித் தினமும் ஏதோ ஒரு 'புதிய ஆய்வு' கண்ணில் படுகிறது. அதில் எது உண்மையிலேயே எதையாவது மாற்றியிருக்கிறது, எதை நம்பி நடக்கலாம்?

பச்சிளங்குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2000-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஐந்து வயதை எட்டாமல் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். 2022-இல் அது 49 லட்சமாகக் குறைந்துவிட்டது. இதில் சுமார் 23 லட்சம் பேர் பிறந்த 28 நாளுக்குள் போய்விடுகிறார்கள். தடுப்பூசி, உப்பு சர்க்கரைக் கரைசல், கொசுவலை இவையெல்லாம் சற்று வளர்ந்த குழந்தைகளைக் காப்பாற்றின. அந்த முதல் மாதம்தான் பிடி கொடுக்காமல் நின்றது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தங்கை குழந்தைக்கும் அதுதான் இப்போது தேவை.

கடந்த சில ஆண்டுகளில் பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய செய்தி, ஒரு மருந்தோ கருவியோ அல்ல. குழந்தையை எங்கே வைப்பது என்பதுதான். கங்காரு பராமரிப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரேய் என்ற மருத்துவர் ஆரம்பித்தார். இன்குபேட்டர் போதவில்லை, ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்தது, தொற்று பரவியது. குழந்தையை அம்மாவின் மார்பில், தோலோடு தோலாக ஒட்டி வைத்துக் கட்டினார். பலன் இருந்தது. ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகள் இது ஓர் 'இரண்டாம் கட்ட' சிகிச்சையாகவே நடந்தது. முதலில் இன்குபேட்டர், வார்மர். மூச்சும் இதயத் துடிப்பும் நிலைப்பட்ட பிறகுதான் அம்மாவிடம். நிலைப்படாத குழந்தையை அம்மாவிடம் கொடுப்பது ஆபத்து என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அந்த முதல் மூன்று நாளில்தான் பெரும்பாலான குழந்தைகள் இறந்தன என்பதை யாரும் அதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் பழைய முறை. இன்னொரு குழுவில் நிலைப்படும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே அம்மாவின் மார்பில். அம்மாவுக்கு முடியாவிட்டால் வீட்டார் யாராவது. ஐசியுவில் இருந்த நாட்களில் அந்தக் குழந்தைகள் ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம் மார்பிலேயே இருந்தன; மற்றக் குழுவில் ஒன்றரை மணி நேரம். பழைய முறையில் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் குழந்தைகள் இறந்தன. உடனடிக் கங்காருவில் 12 சதவீதம். 27 குழந்தைகளை இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால், இனி ஒரு குழுவுக்கு இதைக் கொடுக்காமல் வைப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இது வெறும் கதகதப்பு சமாசாரம் இல்லை. அம்மாவின் தோலில் இருக்கும் கிருமிகள் குழந்தைக்குப் போகின்றன, அவை ஆஸ்பத்திரிக் கிருமிகளைவிடப் பலமடங்கு நல்லவை. பல பேர் கை படுவது குறைகிறது. தாய்ப்பால் சீக்கிரம் ஊறுகிறது. அப்புறம் நான் முக்கியமாக நினைக்கும் ஒன்று: அந்த அமைப்பில் அம்மாவின் கட்டிலே ஐசியுவுக்குள் வந்துவிட்டது. 24 மணி நேரமும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டார். நிறம் மாறினால், மூச்சு தடைப்பட்டால் முதலில் தெரிந்துகொள்வது அவர்தான். எந்த மானிட்டரும் அதற்கு ஈடாகாது.

2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலையே மாற்றியது: குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்ததிலிருந்தே கங்காரு பராமரிப்பு, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்த அளவு அதிகமாக. தானாக மூச்சுவிட முடியாத குழந்தை, இரத்த ஓட்டம் சரிந்து ஷாக்கில் இருக்கும் குழந்தை, வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தை இவர்களுக்கு மட்டும் உடனே இல்லை.

எப்படி வைப்பது என்று பார்த்திருக்கிறீர்களா? குழந்தைக்கு ஒரு தொப்பி, ஒரு டயப்பர், காலுறை, அவ்வளவுதான். மார்பின் நடுவில் நிமிர்த்தி வைக்கிறார்கள். கால்கள் தவளைபோல மடங்கி விரிந்திருக்கும், கைகளும் மடங்கி மேலே. தலை ஒரு பக்கமாகத் திரும்பி, தாடை லேசாக உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும். சுற்றிக் கட்டும் துணியின் மேல் ஓரம் குழந்தையின் காதுக்குக் கீழே வரும். கட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சோடு குழந்தையின் முதுகும் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். மானிட்டரில் அதுவரை துள்ளிக்கொண்டிருந்த எண்கள் அமைதியாவதை எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

தொப்புள்கொடி விஷயமும் இதேபோலத்தான். குறைமாதக் குழந்தை பிறந்ததும் கொடியைச் சட்டென்று கவ்வி வெட்டி, ஓடிப்போய் வார்மரில் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. 2023-இல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். அரை நிமிடமாவது பொறுத்து வெட்டினால், குழந்தை இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டு நிமிடம் அல்லது அதற்கு மேல் பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது என்ற குறிப்பும் கிடைத்தது. நஞ்சுக்கொடியில் இருக்கும் இரத்தம் குழந்தைக்கே உரியது, அது போய்ச் சேர நேரம் கொடுக்கிறோம். செலவே இல்லாத சிகிச்சை.

சரி, இப்போது எதிர்த் திசையில் போன ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தைகளின் உடலை 33 முதல் 34 டிகிரி வரை குளிரவைத்து மூன்று நாள் வைத்திருப்பது ஒரு சிகிச்சை. பணக்கார நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் இது உயிரைக் காக்கும், மூளையைக் காக்கும் என்று காட்டின. அங்கே இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று மற்ற நாடுகளிலும் தொடங்கினார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தையில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் முறையாகச் சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. குளிர்வித்த குழுவில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்காத குழுவில் 31 சதவீதம். பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, தீங்கு. இத்தனைக்கும் அவை வசதியுள்ள ஐசியுக்கள்தான். இந்த மூன்று நாடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு எப்போது தொடங்கியது, எந்தக் காரணத்தால், கருவில் வளர்ச்சி எப்படி இருந்தது என்பதெல்லாம் வேறாக இருக்கலாம் என்கிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. அந்த முடிவைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று முழு மனதோடு செய்துகொண்டிருந்த ஒன்று அது.

கர்ப்பிணிகளுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியிலும் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. குறைப்பிரசவம் ஆகும் போலிருந்தால் அம்மாவுக்கு இந்த ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-இலேயே காட்டியது. ஆறு நாடுகளின் கிராமங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் இதைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தபோது, மொத்தத்தில் குழந்தை இறப்பு கூடியிருந்தது. கர்ப்பம் எத்தனை வாரம் என்று சரியாகத் தெரியாததால், ஊசி போட்டுக்கொண்ட பல பெண்களுக்கு நிறைமாதத்தில்தான் பிரசவம் ஆனது. ஐந்து வருடம் கழித்து, ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்து, 26 முதல் 33 வாரத்துக்குள் உள்ளவர்களுக்கு மட்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் கொடுத்துச் சோதித்தார்கள். குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. ஊசி அதே வகைதான். யாருக்கு, எங்கே, எந்த வாரத்தில் என்பதில்தான் உயிரும் சாவும் இருந்தது. நீங்கள் செய்தியில் ஓர் ஆய்வைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான்: அது யாரிடம் நடந்தது?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1980-கள் வரை பச்சிளங்குழந்தைக்கு வலி சரியாக உறைக்காது என்று நம்பி, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு பெரிய அறுவை சிகிச்சைகள்கூட நடந்தன. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் 1987-இல் வெளியிட்ட வேலைதான் அதை உடைத்தது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில் குழந்தைகளைத் தூங்கும்போதே எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்து, பாதத்தில் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். வலி வரும்போது பெரியவர்களின் மூளையில் விழிக்கும் 20 பகுதிகளில் 18 குழந்தைகளிடமும் விழித்தன. உங்கள் தங்கை குழந்தைக்குக் குதிகாலில் இரத்தம் எடுக்கும்போது மார்பில் வைத்துக்கொண்டே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வலி குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு, முதல் ஆறு மாதத்தில் நான் அதிகம் பயப்படுவது ஒரு சளி வைரஸுக்கு. பெயர் ஆர்.எஸ்.வி. பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு போய்விடும். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய்கள் மெல்லிய குழல்கள், அவை வீங்கிச் சளி அடைத்துக்கொண்டால் நெஞ்சு உள்வாங்க மூச்சு வாங்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் மோசம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சிறு குழந்தைகள் இதனால் இறக்கிறார்கள், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் ஆறு மாதம் நிரம்பாதவர்கள்.

இதற்குத் தடுப்பூசி தேடிய கதை, குழந்தை மருத்துவ ஆய்வின் வரலாற்றிலேயே துயரமானதும் நம்பிக்கை தருவதுமான ஒரு கதை. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஃபார்மலினில் கொன்ற வைரஸை வைத்து ஓர் ஊசி தயாரித்துக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். அடுத்த பருவத்தில் வைரஸ் வந்தபோது, ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குத்தான் நோய் கடுமையாக வந்தது. ஒரு குழுவில், ஊசி போட்டுத் தொற்று வந்த 20 குழந்தைகளில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இருவர் இறந்தனர். அதோடு அந்தத் துறையே பல பத்தாண்டுகள் பயந்து ஒதுங்கியது.

ஏன் அப்படி ஆனது என்பதற்கான பதிலில் ஒரு முக்கியப் பகுதி 2013-இல் கிடைத்தது. அந்த வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் நம் செல்லோடு ஒட்டும் முன் ஒரு வடிவத்திலும், ஒட்டிய பின் வேறு வடிவத்திலும் இருக்கிறது. வில்லில் நாண் ஏற்றி இழுத்துப் பிடித்த நிலை ஒன்று, அம்பு விட்டபின் தளர்ந்த நிலை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஊசியில் இருந்தது தளர்ந்த வடிவம். உடல் அதைப் பார்த்துத் தயாரித்த எதிர்ப்பு, உயிருள்ள வைரஸுக்கு முன்னால் பயனில்லாமல் போனது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம், பீட்டர் குவாங் குழு அந்த இழுத்துப் பிடித்த வடிவத்தை அணு அணுவாகப் படம் பிடித்து, அது தளராதபடி பூட்டவும் வழி கண்டது.

அதிலிருந்து இரண்டு வழி பிறந்தது. ஒன்று, கர்ப்பிணிக்குத் தடுப்பூசி. அம்மாவின் உடலில் உருவாகும் எதிர்ப்பு நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. 2023-இல் வெளியான ஆய்வில், பிறந்து முதல் மூன்று மாதத்தில் வரும் கடுமையான நோயை 82 சதவீதம் தடுத்தது. இன்னொன்று, நிர்செவிமாப். இது தடுப்பூசி இல்லை, தயார்நிலையில் உள்ள ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம். குழந்தைக்கே ஒரே ஊசி. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டனில் 8,058 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை 83 சதவீதம் குறைந்தது. 2025-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. இதேபோன்ற இன்னொரு கர்ப்பகாலத் தடுப்பூசியின் ஆய்வில் குறைப்பிரசவம் சற்று கூடுவது தெரிந்து 2022-இல் நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தத் தெரிந்ததுதான் 1960-களுக்குப் பிறகு நாம் அடைந்த முன்னேற்றம். உங்கள் பகுதியில் நிர்செவிமாப் கிடைக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். தங்கை குழந்தை போன்றவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

சற்று வளர்ந்த பிறகு உணவு ஒவ்வாமை பற்றி யாராவது உங்களைப் பயமுறுத்துவார்கள். வேர்க்கடலை ஒவ்வாமைக்குப் பயந்து, ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை அதைக் கொடுக்கவே வேண்டாம் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு சொன்னது. ஒவ்வாமை கூடியதே தவிரக் குறையவில்லை. கிடியன் லாக் என்ற மருத்துவர், பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை இஸ்ரேலில் வளரும் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு இருப்பதைக் கவனித்தார். இஸ்ரேலில் கைக்குழந்தைகள் முதல் வயதிலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுகிறார்கள். ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்துச் சோதித்தார். 2015-இல் முடிவு: தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். அதே குழந்தைகள் பதின்ம வயதை எட்டியபின் 2024-இல் வந்த தொடர் ஆய்விலும் பாதுகாப்பு அப்படியே நின்றது. ஆக, நல்ல எண்ணத்தோடு சொன்ன எச்சரிக்கையே நோயை வளர்த்தது. ஆறு மாத வாக்கில் திட உணவு தொடங்கும்போது வேர்க்கடலையை மாவாகவோ விழுதாகவோ உணவில் கலந்து கொடுக்கலாம். முழுக் கடலை கூடவே கூடாது, தொண்டையில் அடைக்கும். கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

மரபணு சிகிச்சை பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தலைப்புச் செய்திகளில் மிகைப்படுத்தாமல் எழுதப்பட்டவை குறைவு. இருந்தாலும் இரண்டு விஷயங்கள் மனதை நிறைக்கின்றன. முதுகுத்தண்டுத் தசை நலிவு நோயின் கடுமையான வகையில் பிறந்த குழந்தைகள் உட்காரவே மாட்டார்கள், இரண்டு வயதைத் தாண்டுவதே அரிது. பிறந்தவுடன் சோதனையில் கண்டுபிடித்து, அறிகுறி வருமுன்பே ஒரு தடவை மரபணு மருந்து கொடுத்த 14 குழந்தைகளைப் பற்றி 2022-இல் எழுதினார்கள். பதினான்கு பேரும் தாமாக உட்கார்ந்தார்கள். 2025-இல் பிலடெல்பியாவில், அம்மோனியாவை வெளியேற்ற முடியாத அரிய நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் மரபணுவில் இருந்த எழுத்துப்பிழைக்காகவே ஒரு மருந்தை ஆறு மாதத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். இவை இன்று எல்லோருக்கும் எட்டாது. ஆனால் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் அந்தச் சில சொட்டு இரத்தச் சோதனைக்கு இனி மதிப்பு கூடிக்கொண்டே போகும்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். பதிமூன்று வயதில் மருத்துவம் தரக்கூடியவற்றில் மிக உறுதியானது, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஸ்வீடனில் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. 17-க்கு மேல் போட்டவர்களுக்கு 53 சதவீதம்தான். அதாவது வயது முக்கியம். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில், 2024-இல் வெளியான கணக்கின்படி, ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை. புற்றுநோய் பற்றிய ஆய்வில் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

எத்தனை டோஸ்? இங்கே ஒரு தற்செயல் உதவியது. இந்தியாவில் 2009-இல் இரண்டு டோஸா மூன்று டோஸா என்று ஒப்பிடத் தொடங்கிய ஆய்வு, அதற்குத் தொடர்பில்லாத ஒரு காரணத்தால் 2010-இல் அரசு உத்தரவின்பேரில் பாதியில் நின்றது. சுமார் ஐயாயிரம் பெண் குழந்தைகளுக்கு ஒரே டோஸ்தான் கிடைத்திருந்தது. ஆய்வு நின்றுபோனதே என்று விட்டுவிடாமல், சங்கரநாராயணன் தலைமையிலான குழு அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. ஒரு டோஸ் போட்டவர்களுக்கும் நீடித்த தொற்றிலிருந்து பாதுகாப்பு 95 சதவீதம் என்று 2021-இல் தெரிந்தது. கென்யாவில் முறையாக நடந்த ஆய்வும் அதையே சொன்னது. 9 முதல் 20 வயதுவரை ஒரு டோஸும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

அப்புறம் தூக்கம். பதின்ம வயதில் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் தாமதமாகிறது. தூக்கத்துக்கான மெலட்டோனின் இரவில் பிந்திச் சுரக்கிறது என்று மேரி கார்ஸ்கடன் முப்பது ஆண்டுகளாகக் காட்டிவருகிறார். எனவே பதினொரு மணிக்கும் முழித்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். காலையில் அதே பிள்ளையைச் சீக்கிரம் எழுப்பி அனுப்பினால் கடன் ஏறிக்கொண்டே போகும். சியாட்டில் நகரில் 2016-இல் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது, பிள்ளைகள் இன்னும் நேரம் கழித்துப் படுப்பார்கள் என்று. கையில் அசைவுமானி கட்டி அளந்து பார்த்தால், தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. பள்ளி நேரம் நம் கையில் இல்லை. ஆனால் இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது, காலையில் வெயில் முகத்தில் படச் செய்வது, விடுமுறை நாளில் மதியம்வரை தூங்கவிடாமல் ஒரு மணி நேரம் மட்டும் கூடுதலாக விடுவது, இவை நம் கையில் இருக்கின்றன.

மனநலம் பற்றி ஒரே ஒரு எண் சொல்கிறேன். 192 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனநோய்கள் தொடங்கும் வயதின் உச்சம் பதினாலரை. மனநோய் வருபவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பதினான்குக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் மகள் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, தோழிகள், பிடித்த வேலை எல்லாவற்றிலிருந்தும் விலகிப் போனால் 'வயசுக்கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பரவலாக இருக்கிறது. கேட்பதால் அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சமூக ஊடகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. தூக்கத்தைத் தின்னும் அளவு, கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் அளவு, இவை இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

கிட்டப்பார்வை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல வகுப்பில் இருந்தவர்களில் 39.5. வெளிச்சம்தான் மருந்து.

இனி தங்கை குழந்தைக்கு. நாளைக் காலை மருத்துவர் சுற்றுக்கு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கங்காரு பராமரிப்பு தொடங்கிவிட்டார்களா, இல்லையென்றால் குறிப்பாக எது தடுக்கிறது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அனுமதிப்பார்கள்? தங்கையால் முடியாத நேரத்தில் குழந்தையின் அப்பாவோ நீங்களோ வைத்துக்கொள்ளலாமா? ஆக்சிஜன் குழாயோ உணவுக் குழாயோ இருப்பது மட்டும் தடையில்லை. இதை மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். 'ஒரு மணி நேரம் போதும்' என்றால் 8 முதல் 24 மணி என்ற வழிகாட்டுதலைச் சொல்லுங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் தங்கையைச் சாப்பிட்டுவிட்டு, கழிப்பறைக்கும் போய்விட்டு வரச் சொல்லுங்கள். குழந்தை மார்பில் தூங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு எழ மனசே வராது. முன்பக்கம் திறக்கும் சட்டை, சாய்ந்து உட்காரக்கூடிய நாற்காலி, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். முதல் தடவை கை நடுங்கும். நர்ஸ் பக்கத்தில் இருப்பார், நீங்களும் அவர் கண்ணில் படும்படி பக்கத்தில் இருங்கள்.